ஸ்டோரில் தங்கிய கொழுந்து

ஊவா மலைத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவரும் தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஸ்டோர் என்பதே அவர்கள் வாயில் வழங்கும் பெயர். பதுளையிலிருந்து வரும் பெருவீதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வெலிமடைக்கும் மற்றொன்று தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கும் போகின்ற ஹாலிஎலச் சந்தியில் நின்று, சுற்றிலுமுள்ள மலைகளிலே தகரக் கூரையும் வரிசையான கண்ணாடி ஜன்னல்களுமாகத் தோன்றும் அந்த நெடிய கட்டடங்களைக் காட்டி யாரிடம் கேட்டாலும் அதே சொல்தான் பதிலாக வரும். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சூடேற்றி, சலித்துத் தரம் பிரிக்கின்ற இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும் ஓர் ஆலைக்கு, பண்டங்களைப் போட்டுப் பூட்டிவைக்கும் களஞ்சியத்தின் பெயர் எவ்வாறு வந்து சேர்ந்தது? அது கோப்பிக் காலத்தின் எச்சம் என்றே நான் கருதுகிறேன். அன்றைய கோப்பித் தோட்டத்தில் ஆலை என்று சொல்லத் தக்கது பழத்தின் தசையை நீக்கும் சிறு பொறியொன்றே. பெரிய கட்டடம் என்றால் அது உலர்த்திய கொட்டையைக் குவித்து வைக்கும் ஸ்டோர்தான். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, இயந்திரங்கள் வந்தன. பெயர் மாத்திரம் மாறாமல் நின்றுவிட்டது. செய்து முடித்தும் விற்று முடியாத பொருளுக்கு ஒரு தேசத்தின் கணக்கிலே என்ன ஸ்தானம் என்ற கேள்வியை ஆராயப் புகுவோருக்கு, அந்தப் பழைய பெயரைவிடப் பொருத்தமான வாசல் வேறில்லை.

இலங்கைத் தீவின் கோப்பிப் பிரதேசங்களுள் கொழும்புத் துறைமுகத்துக்கு மிகத் தொலைவில் இருந்தவற்றுள் ஒன்று ஊவா. பழத்தைப் பறித்துத் தசை நீக்கிக் கழுவி, களத்தில் உலர்த்தி, மேலுறை நீங்காத கொட்டையாகக் கொழும்புக்கு அனுப்புவதும், அங்கே மீண்டும் உலர்த்தி உறையை நீக்கித் தரம் பிரித்துக் கப்பலேற்றுவதும் அக்கால வழக்கம். ஆனால் ஊவாவுக்குப் பெருமழை கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. மலைப்பாதை சேறாகும் அந்த மாதங்களில் பொதிமாடுகளும் மாட்டு வண்டிகளும் வழியிலே தடைப்பட, பறித்து உலர்த்திய கோப்பி ஸ்டோரிலேயே தேங்கிக் கிடக்கும். அவ்வருஷம் எவ்வளவு விளைந்தது என்பது தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். எவ்வளவு கப்பலேறிற்று என்பது கொழும்புச் சுங்கத்துக்குத் தெரியும். இவ்விரண்டுக்கும் இடையே மலையிலும் வழியிலும் கிடந்த சரக்கின் மீதோ அரசாங்கத்தின் பார்வை விழவே இல்லை. குடியேற்ற அரசாங்கம் வருஷந்தோறும் தொகுத்த நீலப் புத்தகங்களிலே துறைமுகத்தைக் கடந்த பண்டமே துலக்கமாகத் தெரிந்தது.

1869இல் பதுளைப் பக்கத்து மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து வருஷங்களுக்குள் கோப்பித் தொழிலை வேரோடு சாய்த்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் கதவை அடைத்தது. இரண்டு வருஷங்களின் பின்னர், 1886இல், ஊவா தனி மாகாணமாயிற்று. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் நட்டுக் காட்டியிருந்த தேயிலை அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்தது. கொழும்பிலே 1883 ஜூலையில் முதல் தேயிலை ஏலம் நடைபெற்றது.

தேயிலைக்கும் அதே தூரம், அதே மலை, அதே மழைதான். புகையிரதம் 1890களின் முற்பகுதியில் அப்புத்தளையையும் பண்டாரவளையையும் எட்டியபோதிலும், அங்கிருந்து பதுளைக்கு இறங்கிவர அதற்கு மேலும் முப்பது வருஷம் சென்றது. அந்த இடைக்காலத்தில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் வண்டியேறிப் பண்டாரவளை நிலையத்துக்கு மலையேறிப் போயின. பின்னர் எல்ல என்னும் ஊருக்கு அருகிலே ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரையிலே தன் மேலேயே வளைந்து இறங்கும் அதிசயமான சுற்றுப்பாதையையும் அமைத்துக்கொண்டு, 1924இல் புகையிரதம் ஹாலிஎலவைத் தொட்டுப் பதுளையை அடைந்தது. கொழும்புக்குப் போகும் பெட்டி முதலில் பட்டிப்பொலைக்கு அருகே 1,898 மீற்றர் உயரத்து உச்சி வரையும் ஏறித்தான் பிறகு கடல்மட்டம் நோக்கி இறங்கவேண்டும்; ஆயினும் வண்டிமாட்டின் காலடியாக இருந்த பிரயாணம் ஓரிரு நாளாகச் சுருங்கியது. பொறியியல் சாதனையாகவே இப்பாதையைப் போற்றுகிறோம். தோட்டத்துக் கணக்கேட்டிலே அது செய்த மாற்றம் அதைவிட ஆழமானது. ஸ்டோரிலே பணமாகாமல் பொருள் காத்துக் கிடந்த காலத்தை அது குறைத்தது.

இனி, காத்துக் கிடக்கும் இப்பொருளைத் தேசக் கணக்கு எவ்வாறு நோக்குகின்றது என்பதைப் பார்ப்போம். ஒரு தேசம் ஒரு வருஷத்திலே செய்த உற்பத்தி முழுவதையும் ஒரே தொகையாக அளக்கும் முயற்சி பழையதாயினும், இன்றைய வடிவில் அது 1930களிலேதான் உருக்கொண்டது. அமெரிக்காவில் சைமன் குஸ்நெட்ஸ் 1934இல் சமர்ப்பித்த அறிக்கையும், பிரித்தானியாவில் யுத்தச் செலவைத் திட்டமிடுவதற்காக ஜேம்ஸ் மீடும் ரிச்சர்ட் ஸ்டோனும் 1941இல் தயாரித்த மதிப்பீடும், 1953இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட முறைமையும் அதன் படிகள். இந்தியாவிலே மகலனோபிஸ் தலைமையிலான தேசிய வருமானக் குழு தன் முதல் அறிக்கையை 1951இல் கொடுத்தது. இலங்கையிலே 1950 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய வங்கியும் அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களமும் இந்தப் பணியை ஏற்றன.

இம்முறையில் உற்பத்தியை இரு வழியாக அளக்கலாம். ஒவ்வொரு தொழிலிலும் என்ன செய்யப்பட்டது என்று கூட்டுவது ஒரு வழி. செய்யப்பட்டதெல்லாம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கூட்டுவது மறுவழி. மக்கள் நுகர்ந்தது, அரசாங்கம் செலவிட்டது, கட்டடமும் இயந்திரமுமாக மூலதனமானது, ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்தது ஆகிய இவையே இரண்டாவது கூட்டலின் உறுப்புகள். இவ்விரண்டு கூட்டல்களும் ஒத்துவர வேண்டும். ஆனால் ஊவாவிலே ஒரு ஸ்டோர் வருஷத்தில் 600,000 இறாத்தல் தேயிலை செய்து, அதில் 580,000 இறாத்தலை மாத்திரம் விற்றது என்று வைத்துக்கொண்டால், மிஞ்சிய 20,000 இறாத்தல் முதற் கூட்டலில் இருக்கும். அதை வாங்கியவர் எவருமில்லையாதலால் இரண்டாவதில் இராது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக ஏற்பட்டதே கையிருப்பு மாற்றம் என்ற வரி. விற்காத பொருளைத் தோட்டமே தனக்கு வாங்கி வைத்துக்கொண்டதாகப் பாவித்து, அதை மூலதன ஆக்கத்தின் ஒரு பகுதியாக எழுதுகிறார்கள். அடுத்த வருஷம் அதை எடுத்து விற்கும்போது, ஏற்றுமதியில் அது கூடும். கையிருப்பு மாற்றத்திலே அதே அளவு குறையும். அவ்வருஷத்து உற்பத்தியில் ஓர் இறாத்தலும் சேராது. இருப்பு எவ்வளவு என்பதல்ல கேள்வி, வருஷத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அது எவ்வளவு கூடிற்று அல்லது குறைந்தது என்பதே கேள்வி.

இந்த விதியின் அருமையை உணர வேண்டுமானால் பலகைப் பெட்டி வழக்கிலிருந்த காலத்து டிசம்பர் 31ஆம் தேதி இரவொன்றில் ஸ்டோருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மாலையிலே மலைகளில் நிறுத்துக் கொண்டுவந்த கொழுந்து மாடியிலே வாட்டுத் தட்டுகளில் பரவிக் கிடக்கின்றது. தட்டின் அடியிலிருந்து எழும் காற்று அதன் ஈரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள, பச்சை வாசனை மாறி ஒருவகைப் பழவாசனை மாடி முழுவதும் கமழ்கின்றது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தால், பந்தாகச் சேர்ந்து மெல்ல அவிழ்கிறது. இன்னும் சில மணி நேரம் ஆகவேண்டும் என்று டீமேக்கர் சொல்லிவிட்டுப் போகிறார். கீழே, சலித்துப் பிரித்த தேயிலை பீன் எனப்படும் பெட்டகங்களிலே தரந்தரமாகக் கிடக்கின்றது. ஒரு தொகுதியாகப் பெட்டியிலடைத்து இலக்கமிட்டு ஏலத்துக்கு அனுப்பத்தக்க அளவு சேரும்வரை அது அங்கேதான் கிடக்கும். சுவரோரம் ஏறத்தாழ 100 இறாத்தல் கொள்ளும் பலகைப் பெட்டிகள், ஈயத் தகடு விரித்தபடி வெறுமையாக அடுக்கியிருக்கின்றன. வெளியே, சூட்டடுப்புக்கு வெட்டிய விறகுக் குவியல். நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும் கணத்தில் கணக்காளன் இவற்றையெல்லாம் அவ்வவ்விடத்தில் நிறுத்தி எண்ணுகிறான். விறகும் வெறும் பெட்டியும் எருவும் மூலப்பொருள் இருப்பு. தட்டிலே வாடிக்கொண்டிருக்கும் கொழுந்து செய்கையில் உள்ள பொருள். பீனிலே கிடப்பது முடிந்த பொருள். ஹாலிஎலக் கடைத்தெருவிலே வியாபாரியின் தட்டிலிருக்கும் அரிசியும் பருப்பும் மறுவிற்பனைச் சரக்கு.

இவற்றுள் என் மனதைக் கவர்வது தட்டிலே வாடும் அக்கொழுந்தே. அது நாளைப் புதுவருஷத்திலே அரைபடும். நாலரை இறாத்தல் கொழுந்து ஏறத்தாழ ஓர் இறாத்தல் தேயிலையாகும். சில வாரங்கள் கழித்துக் கொழும்பிலே விலைபோகும். ஆனால் அதிகாலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்து, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, குளிரிலும் பனியிலும் அதைக் கிள்ளிக் கூடையில் போட்ட பெண்ணின் உழைப்பு பழைய வருஷத்தைச் சேர்ந்தது. செக்ரோல் என்னும் வேலைநாட் பதிவேட்டிலே அவளுக்கு அன்றைக்குப் 'பேர்' விழுந்துவிட்டது, அதாவது ஒரு நாள் வேலை பதிவாகிவிட்டது. வாங்குவோனின் பணம் எப்போது வந்தது என்று பாராமல், உழைப்பு எப்போது நடந்தது என்று பார்த்து அந்த நாளிலேயே உற்பத்தியை எழுதுகின்ற நியாயம், தேசக் கணக்கின் எத்தனையோ வரிகளுள் இந்த ஒரு வரியிலேதான் இத்தனை தெளிவாகத் துலங்குகின்றது.

ஸ்டோருக்கு வெளியே, தேயிலைச் செடியையும் அதற்கு அப்பால் விறகுக்காக வளர்த்த யூகலிப்டஸ் மரத்தையும் ஒரே மண்ணில் ஒரே கையே நட்டிருக்கும். ஆயினும் ஆண்டாண்டாகத் தளிர் தரும் செடி நிலையான மூலதனம். ஒருமுறை வெட்டுவதற்காகவே வளரும் மரமோ, இலை துளிர்த்து நிற்கும்போதே, செய்கையில் உள்ள சரக்காக எண்ணப்படும்.

விலையைப் பற்றிய சிக்கல் இதைவிடப் பெரியது. ஜனவரி முதல் நாள் 20,000 இறாத்தல் தேயிலை, இறாத்தல் 2 ரூபாயாக, ஸ்டோரில் இருந்தது என்றும், வருஷக் கடைசியிலும் அதே 20,000 இறாத்தலே இருந்தது என்றும், ஆனால் விலை இரண்டரை ரூபாயாக ஏறியிருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். தோட்டக் கம்பனியின் ஐந்தொகையிலே 40,000 ரூபாய்ச் சரக்கு 50,000 ரூபாய்ச் சரக்காகிவிட்டது. பத்தாயிரம் ரூபாய் இலாபம் போலத் தோன்றுகின்றது. ஆனால் அதற்காக ஒரு கொழுந்தும் கூடுதலாகக் கிள்ளப்படவில்லை. ஆகவே தேசக் கணக்கு அப்பத்தாயிரத்தை உற்பத்தியென ஏற்காமல் தள்ளிவிடும். இருப்பிலே சேர்ந்த பொருளைச் சேர்ந்த நாளின் விலையிலும், எடுத்த பொருளை எடுத்த நாளின் விலையிலும் மதிப்பிட்டு, மிஞ்சுவதையே மாற்றமாகக் கொள்ளும். இலங்கையில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1949 செப்டெம்பரில் ஸ்டேர்லிங்கோடு சேர்ந்து இலங்கை ரூபாயும் மதிப்பிழந்தது. அடுத்த வருஷம் கொரிய யுத்தம் இறப்பர் விலையை வானளாவ உயர்த்தியது. 1954இல் தேயிலை விலை வெகுவாக ஏறியது. மத்திய வங்கி தன் முதற் கணக்குகளை எழுதத் தொடங்கிய காலம் இந்த அலைகளின் நடுவேதான். விலையேற்றத்தை உழைப்பென எண்ணிவிடாமல் காப்பது அன்றைய புள்ளிவிபரவியலாளருக்குச் சாமானியமான வேலையாக இருந்திருக்க முடியாது. ஏனெனில் பெரிய தோட்டங்களின் ஏடுகள் கைக்கு எட்டினாலும், சந்திக் கடைகளின் சரக்கை வருஷக் கடைசியில் எவர் போய் அளப்பது? இதனாலேயே பல தேசங்களில் இந்த வரி, நேரே அளந்த தொகையாக இராமல், மற்றவையெல்லாம் எழுதியபின் மிஞ்சும் எச்சமாகவே எழுதப்படுகின்றது. தேசக் கணக்கின் மிகப் பலவீனமான வரியும் இதுதான் என்பதை மறைப்பது நேர்மையன்று.

பலவீனமான வரியேயாயினும் அது குறிக்கும் பொருள் மனிதரின் வாழ்வையே உலுக்கியதுண்டு. 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தம் கவிந்திருந்த சமயம், லண்டன் பண்டகசாலைகளிலே தேயிலை மலைபோற் குவிந்து விலை சரிந்தது. தோட்டங்களிலே சம்பளம் வெட்டப்பட்டது. பல குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 1933 ஏப்ரலிலிருந்து இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் சர்வதேச உடன்படிக்கையொன்றின்படி தங்கள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. முதல் வருஷத்தில் நிர்ணய அளவின் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அனுப்பலாகாது என்பது விதி. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஏற்றுமதிக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. அவை கைமாறி விலைபோயின. எத்தனை இறாத்தல் கொழுந்து விளையும் என்பதை மழையும் மண்ணும் நிர்ணயித்த காலம் போய், எங்கோ லண்டனிலே அடுக்கியிருந்த பெட்டிகளின் எண்ணிக்கையே ஹாலிஎல மலையில் எத்தனை கை வேலைக்கு வேண்டும் என்பதை நிர்ணயித்தது. அந்நாளில் இலங்கைக்குத் தேசக் கணக்கு என ஒன்று கிடையாது. இருந்திருந்தால், கையிருப்பு மாற்றத்தின் வரியிலே அந்தத் துயரத்தின் நிழல் விழுந்திருக்கும்.

யுத்தம் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. லண்டன் ஏலம் 1939இல் நிறுத்தப்பட்டது. பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 1940 ஜூலையிலிருந்து பிரித்தானியர் ஒருவருக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலையே கிடைத்தது. ஊவாவின் தேயிலை தங்காமல் போயிற்று. ஆனால் தோட்டத்து அரிசி அறை காலியாயிற்று. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தேயிலையைப் போலவே அரிசியும் இந்தத் தீவுக்கு ஓர் இருப்புக் கணக்குத்தான். இறக்குமதியான அரிசி களஞ்சியத்திலே கிடக்கும்வரை, இறக்குமதி வரியில் கழிவாகவும் இருப்பு வரியில் கூட்டலாகவும் நின்று, உற்பத்தியைத் தொடாமல் தன்னைத்தானே நேர்செய்துகொள்ளும். பங்கீடு வாங்க நிற்பவளுக்கோ களஞ்சியத்திலே இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. 1970களின் நடுப்பகுதியில் பங்கீடு சுருங்கித் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தபோதும் பீன்களிலே தேயிலை இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. மத்திய வங்கி கணக்கெழுதத் தொடங்கியது அதற்குச் சற்றுப் பின்னர்தான். அந்தக் கணக்குக்குப் பிரஜை என்ற சொல்லே தெரியாது. உள்நாட்டு உற்பத்தி என்பது தேசத்தின் எல்லைக்குள்ளே வசித்துத் தொழில் செய்வோர் அனைவரின் உற்பத்தி. வாக்காளர் இடாப்பிலே பேர் நீக்கப்பட்ட ஒரு பெண், செக்ரோலிலே பேர் விழுந்த ஒவ்வொரு நாளும், அவள் கிள்ளிய கொழுந்து விற்பனையாகுமுன்னரே, இலங்கையின் உள்நாட்டு உற்பத்தியிலே இடம்பெற்றாள். இந்த இரு இடாப்புகளும் ஒன்றையொன்று நோக்க, இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தமும், நாடு திரும்புதல் என்ற பெயரில் நடந்த பெரும் பிரிவும், பின்வந்த பல சட்டங்களும் வேண்டியிருந்தன.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் நிர்வாகம் போயிற்று. உரிமை மாறிய இந்த மாற்றங்களால் ஸ்டோரின் காலக்கிரமம் மாறவில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேல்புறத்து மலைகளிலே தன் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று ஊவாச் சரிவுகளில் வீசுகையில், கொழுந்து சிறுத்து, வளர்ச்சி தளர்ந்து, உலகறிந்த அந்த ஊவா மணம் இலையில் ஏறுகின்றது. அம்மணத்துக்காக வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கும் பருவம் அது. இப்போது கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவதால், செப்டெம்பர் 30ஆம் தேதி இரவு கணக்காளன் எண்ணும் வேளை, பருவத்தின் கடைசிக் கொழுந்து பீனிலோ, பெட்டியிலோ, கொழும்பு நோக்கிய வழியிலோ, பண்டகசாலையிலோ கிடக்கும். மூன்றாம் காலாண்டிலே கூட்டலாக எழுதப்படும் அதே தேயிலை நான்காம் காலாண்டிலே கழித்தலாக எழுதப்படும். அந்தக் கழித்தற் குறியைக் கண்டு நாடு நஷ்டப்பட்டதென அலறுவோர் பத்திரிகைகளிலும் உண்டு. அது ஸ்டோர் காலியாகிக் கப்பல் நிறைந்ததன் அடையாளம். ஏலத்திலே தோட்டத்திடமிருந்து ஏற்றுமதி வியாபாரியின் கைக்கு மாறிய தேயிலையும், கப்பலேறும்வரை, தேசத்தின் இருப்பிலிருந்து நீங்குவதில்லை. ஒருவர் ஏட்டில் குறைந்தது மற்றொருவர் ஏட்டில் கூடுகின்றது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் நிமித்தம் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது கொழும்புத் தேயிலை ஏலம் தடைப்பட்டது. 1883இலிருந்து, ஏலகாரரும் வாங்குவோரும் ஒரே மண்டபத்திலே முகத்துக்கு முகம் அமர்ந்து நடத்திவந்த அந்த வியாபாரம், ஏப்ரல் முதல் வாரத்திலே கணினித் திரைக்கு மாறிற்று. இடைப்பட்ட நாட்களில் நாடு முழுவதும் கதவடைத்துக் கிடக்க, தோட்டங்களுக்கு மாத்திரம் வேலை செய்ய அனுமதி இருந்தது. கொழுந்து வளர்வதை நிறுத்தாது, எடுக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே காலையில் பெரட்டு நடந்தது. முகத்தை மூடிக்கொண்டு பெண்கள் மலைக்குப் போனார்கள். மாலையில் நிறுவை நடந்தது. இரவிலே ஸ்டோர் ஓடியது. வாங்குவார் இல்லாத தேயிலை பீன்களில் நிறைந்து, பைகளில் அடைபட்டு, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிற்று.